கத்திரி வெயிலில் கவசம்

அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு நடுப்பகல். உங்கள் ஊரின் பெரிய நாற்சந்தி ஒன்றில், மரத்தடியாகப் பார்த்து ஐந்து நிமிடம் நின்று கவனியுங்கள். சிவப்பு விளக்குக்காக மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் பெட்ரோல் டாங்க் மீது வைத்திருக்கிறார். இன்னொருவர் அதைப் பக்கக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பள்ளி மாணவியின் தலையில் ஒன்றுமில்லை. எங்கு பார்த்தாலும் அரைக்கைச் சட்டைகள், ரப்பர் செருப்புகள். இவர்களுக்கு நடுவே எங்கோ ஒருவர் மட்டும் தடித்த மேற்சட்டை, கையுறை, கணுக்காலை மூடிய காலணி, முகம் மூடிய ஹெல்மெட் என்று விண்வெளி வீரரைப் போல நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "இந்த வெயிலில் இதெல்லாம் எதற்கு சார்?"

கேள்வி நியாயமானதுதான். விழுந்தால் காப்பாற்றும் உடை, விழாத நேரத்தில் நம்மை வேக வைக்கிறதே! அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? வெயிலின் துன்பம் நிச்சயம். விபத்தோ என்றைக்கோ ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். பலரும் இப்படித்தான் மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நாம் கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் உடலியல் சேர்த்துப் போட்டுப் பார்ப்போமா?

விழும்போது நடப்பது என்ன?

மணிக்கு 45 கி.மீ. வேகம் என்பது ஊருக்குள் சாதாரணமாகப் போகும் வேகம். இது வினாடிக்கு 12.5 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த வேகத்தில் போகும்போது அவர் உடலில் உள்ள இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 30 × 12.5 × 12.5 = ஏறக்குறைய 4,700 ஜூல்.

வண்டி சறுக்கி அவர் சாலையில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆற்றல் முழுவதும் தீர்ந்தால்தான் அவர் உடல் நிற்கும். தார்ச்சாலையின் உராய்வு அவரை வினாடிக்கு வினாடி சுமார் 6 மீட்டர் வேகம் குறைத்து நிறுத்துகிறது என்று கொண்டால், அவர் இரண்டு வினாடிக்குச் சற்று அதிகமான நேரம் சறுக்கி, 13 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். உங்கள் வகுப்பறையின் நீளத்தைவிட இது அதிகமாகவே இருக்கும்.

அந்த 4,700 ஜூலும் எங்கே போகிறது? உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. மூன்று தேக்கரண்டித் தண்ணீரை அறை வெப்ப நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. அதில் ஒரு பகுதி சாலைக்குப் போகிறது. மறு பகுதி சாலையோடு தேய்கின்ற பொருளுக்குப் போகிறது. அந்தப் பொருள் தடித்த தோலுடையாக இருந்தால் தோலுடை தேயும். மெல்லிய பருத்திச் சட்டையாக இருந்தால் ஒரு வினாடிக்குள் நைந்து ஓட்டை விழும். அதன் பிறகு தேய்வது நம்முடைய தோல்தான். நல்ல மோட்டார் சைக்கிள் மேற்சட்டைகளின் தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்புள்ளது. சோதனைக்கூடத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டையின் மீது அழுத்திப் பார்க்கும்போது அது பல வினாடிகள் தாங்குகிறது. நமக்குத் தேவைப்படுவது இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிக்காகத்தான் இத்தனை பாடு!

வெயில் காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நடுப்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60° செ. வரை சூடேறும். அவ்வளவு சூடான பரப்பில் தோல் ஏறக்குறைய ஐந்து வினாடி படிந்திருந்தாலே ஆழமான தீக்காயம் ஏற்படும். விழுந்து எழ முடியாமல் கிடப்பவருக்குச் சிராய்ப்போடு சுட்ட புண்ணும் சேரும். ஆக, வெயில் கொளுத்தும் நாளில்தான் வெறும் கையும் வெறும் காலும் அதிக ஆபத்துக்கு உள்ளாகின்றன.

தலையின் கணக்கு வேறு

தலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்கு ஆபத்து வண்டியின் வேகத்தால் மட்டுமல்ல, உயரத்தாலும் வருகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது வினாடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தை அடைந்திருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான். "பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறேன், மெதுவாகத்தானே போகிறேன்" என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 2.5 மில்லிமீட்டருக்குள் சட்டென்று நின்றால், மூளை புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 600 மடங்கு வேகக்குறைப்பைத் தாங்க வேண்டும். அதே தலை 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் படிப்படியாக நின்றால் 60 மடங்குதான். தூரம் பத்து மடங்கு கூடினால் அடி பத்தில் ஒரு பங்காகிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற வெண்ணிறப் பகுதி செய்யும் வேலை இதுதான். அது நசுங்கி, தலை நிற்பதற்கு இடம் கொடுக்கிறது. வெளி ஓடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே தெர்மோகோல் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் ஓடாக விற்கப்படும் தொப்பி போலீஸ்காரரிடமிருந்து காப்பாற்றலாம், தரையிடமிருந்து காப்பாற்றாது.

இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்டதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ம் ஆண்டு மே 13-ந் தேதி இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவர் தலையில் கவசம் ஏதும் இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமானது 1973-ல்தான்.

பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் அணிவது சாவின் ஆபத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தின் ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிய வந்தது. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அணிந்திருந்தால் இந்த ஐம்பதாயிரம் பேரும் பிழைத்திருப்பார்கள் என்று பொருளல்ல. லாரிச் சக்கரத்தின் அடியில் ஹெல்மெட் என்ன செய்யும்? ஆனால் அவர்களில் பல ஆயிரம் பேர் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

உடம்பு எப்படிக் குளிர்கிறது?

இனி வெயிலின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். அதுவும் வலுவானதுதான்.

நம் உடல் ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே வினாடிக்கு 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது ஒரு 100 வாட் குண்டு பல்பின் அளவு. இந்த வெப்பம் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் உடலின் உள் வெப்பநிலை 37° செ. அளவில் நிலைத்திருக்கும். வெளியேறும் வழிகள் இரண்டு. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே அங்கே போய்விடும். இல்லையென்றால் வியர்வை ஆவியாக வேண்டும்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உடல் உண்டாக்கும் வெப்பத்தை மட்டும் வெளியேற்ற மணிக்கு 150 மில்லிலிட்டர் வியர்வை போதும். ஆனால் உச்சி வெயில் மேலிருந்து வெப்பத்தைக் கொட்டுகிறது. தார்ச்சாலை கீழிருந்து வீசுகிறது. எஞ்சின் காலருகே அனலை ஊதுகிறது. எல்லாம் சேர்ந்தால் வியர்வையின் தேவை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். குளிர்ச்சி தருவது ஆவியாகும் வியர்வைதான். வழிந்து சொட்டும் வியர்வை உடலிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. காற்றுப் புகாத தடித்த மேற்சட்டைக்குள் வியர்வை ஆவியாக முடியாமல் தேங்குகிறது. ஐரோப்பாவின் குளிருக்காகத் தைத்த தோலுடையை மே மாதச் சென்னையில் பொத்தான் போட்டு மாட்டிக்கொள்வது, கம்பளிக்குள் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் போடுவது போல.

இது வெறும் அசௌகரியம் அல்ல. உடல் சூடேறினால் தலை வலிக்கும், குமட்டும், தசை பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். கவனம் சிதறும். பிரேக்கை அழுத்த வேண்டிய நொடியில் கை தாமதிக்கும். அந்தத் தாமதமே விபத்தை உண்டாக்கிவிடலாம். விபத்துக்காக அணிந்த கவசமே விபத்துக்குக் காரணமானால் என்ன பயன்? ஆகவே, "வெயிலாவது ஒன்றாவது, எல்லாவற்றையும் மாட்டிக்கொள்" என்று சொல்வதும் அறிவியல் ஆகாது.

வேலூர் வெயிலும் சென்னைப் புழுக்கமும்

அப்படியானால் வெயிலில் உடையைக் குறைப்பதுதானே சரி என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நமது தோலின் வெப்பநிலை சுமார் 35° செ. காற்று 30° செ. ஆக இருந்தால், வண்டி ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்று நம்மைக் குளிர்விக்கும். காற்று 41° செ. ஆக இருந்தால்? இப்போது காற்றுதான் தோலைவிடச் சூடு. வெறும் கையில் அடிக்கும் அந்த அனல்காற்று ஒவ்வொரு நொடியும் உடலுக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது. வியர்வையையும் தேவைக்கு மேல் வேகமாக உலர்த்தி, உடலின் நீரை வற்றச் செய்கிறது. 'காற்றாட' அரைக்கைச் சட்டையில் போகிறவர் உண்மையில் அடுப்புக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு போகிறார்.

நம் ஊர் வயல்களில் இதற்கான விடை எப்போதோ கிடைத்துவிட்டது. நாற்று நடும் பெண்கள், கடும் வெயிலில் களை எடுக்கும் பெண்கள், சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலைத் தோலில் படவிடாமல் துணியில் நிறுத்திவிடுவதுதான் அவர்களுடைய உத்தி. சினாய் பாலைவனத்தில் பெதூயின் மக்கள் கறுப்பு நிறத் தளர்ந்த அங்கி அணிகிறார்கள். கறுப்பு வெப்பத்தை அதிகம் உறிஞ்சுமே என்று வியந்த ஆராய்ச்சியாளர்கள், கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் வெயிலில் ஒப்பிட்டுப் பார்த்து, 1980-ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் உடலைச் சென்றடைந்த வெப்பம் ஒரே அளவுதான்! கறுப்புத் துணி கூடுதலாக உறிஞ்சிய வெப்பம், தோலை எட்டுவதற்கு முன்பே காற்றில் கலந்துவிட்டது. தளர்ச்சியும் உள்ளே ஓடும் காற்றும் இருந்தால், மூடிய உடல் வெயிலில் தோற்பதில்லை.

ஆனால் ஊருக்கு ஊர் நிலைமை மாறும். வேலூரில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கடலோரச் சென்னையில் அதே பானை அவ்வளவு குளிர்வதில்லை. காரணம், சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானையில் கசியும் நீர் மெதுவாகத்தான் ஆவியாகிறது. நம் உடலும் ஒரு மண்பானைதான். வேலூரின் வறண்ட வெயிலில் உடலை மூடிக்கொண்டு அளவாகக் காற்றை விடுவது நல்லது. சென்னையின் புழுக்கத்தில் எவ்வளவு காற்று உள்ளே ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு இடத்திலும் காற்றோட்டம் வேண்டும். இரண்டு இடத்திலும் தோல் வெறுமையாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்?

வியட்நாம் நம்மைப் போலவே வெயிலும் புழுக்கமும் உள்ள நாடு. இரு சக்கர வண்டிகளின் நாடு. அங்கே மக்கள் கனத்த ஹெல்மெட்டுகளை 'சோறு வேகவைக்கும் மின்சாரப் பானை' என்று கேலி செய்தார்கள். கேலியிலும் உண்மை இருந்தது. ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று எடை குறைந்த, காற்றுத் துளைகள் உள்ள ஹெல்மெட்டுகள் அங்கே தயாரிக்கப்பட்டன. 2007-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஏறக்குறைய ஒரே நாளில் ஊரே ஹெல்மெட்டுக்கு மாறியது. அடுத்த மூன்று மாதங்களில் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கின்படி, சாலை விபத்துகளில் தலைக்காயம் படும் ஆபத்து 16 சதவீதமும், சாவின் ஆபத்து 18 சதவீதமும் குறைந்திருந்தன.

ஆஸ்திரேலியாவும் வெயிலுக்குப் பேர் போனது. அங்கே விபத்துக்குள்ளானவர்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவுகளில், மோட்டார் சைக்கிள் கையுறை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு அணியாதவர்களைவிட 59 சதவீதம் குறைவு என்றும், பாதுகாப்புக் கால்சட்டை அணிந்தவர்களுக்கு 51 சதவீதம் குறைவு என்றும், மேற்சட்டைக்கு 21 சதவீதம் குறைவு என்றும் தெரிந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. வெயிலுக்குப் பயந்து மக்கள் அணியாமல் விட்டால் எந்த உடையும் பயனில்லை அல்லவா? ஆகவே 2018-ல் தொடங்கிய 'மோட்டோகேப்' என்ற திட்டம், கடையில் விற்கும் உடைகளைச் சோதித்து, பாதுகாப்புக்கு இத்தனை நட்சத்திரம், வெயிலில் அணியும் வசதிக்கு இத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியே மதிப்பெண் கொடுக்கிறது. கவசமும் வேண்டும், காற்றும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட நல்ல ஏற்பாடு இது.

வலை போன்ற உறுதியான செயற்கை இழைத் துணியில் தைத்து, தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் மட்டும் அடியைத் தாங்கும் திண்டுகள் வைத்த மேற்சட்டைகள் இப்போது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. இவை தடித்த தோலுடை அளவுக்குச் சிராய்ப்பைத் தாங்குவதில்லை. ஆனால் அரைக்கைச் சட்டையைவிடப் பல மடங்கு மேல். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேறும். உள்ளே ஒரு பருத்திப் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டால் அணிபவரே நடமாடும் மண்பானை ஆகிவிடுவார்!

ஆகவே முடிவு என்ன?

கவசம் எல்லாம் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. எதனால் என்ன லாபம், எதனால் எவ்வளவு வெப்பம் என்று பிரித்துப் பாருங்கள்.

முதலாவது ஹெல்மெட். இதற்கு வெயில், குளிர், பக்கத்துத் தெரு, பின் இருக்கை என்ற விலக்கு எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டமும் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பொதுவாக இதைக் கட்டாயமாக்குகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தாடைப் பட்டியைப் பூட்டினீர்களா, தலைக்குச் சரியான அளவா என்று பாருங்கள். பட்டியைப் பூட்டாத ஹெல்மெட் நமக்கு முன்பே பறந்துபோய் விழும்.

இரண்டாவது கையுறையும், கணுக்காலை மூடிய காலணியும். விழுகிற எவரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். இவை மூடும் தோலின் பரப்பு மிகக் குறைவு. ஆகவே இவற்றால் ஏறும் வெப்பமும் குறைவு. குறைந்த செலவில் அதிகப் பயன் தருபவை இவை.

மூன்றாவது முழுக்கைச் சட்டையும் தடித்த கால்சட்டையும். இயன்றவர்கள் வலைத்துணி மேற்சட்டை வாங்கலாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது அவசியம். அங்கே வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

கவசத்தோடு பழக்கமும் வேண்டும். கிளம்பும் முன்பும் வழியிலும் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீண்ட பயணத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். கவச உடை வேக வைப்பது வண்டி நிற்கும்போதுதான். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்து, நிழலுக்கு ஒதுங்கி, மேற்சட்டையைத் திறந்துவிட வேண்டும். தலை சுற்றினால் ஓட்டக் கூடாது. வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறினால், அவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் ஊற்றி விசிறியபடி மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் வண்டி ஓட்டி, வீடுவீடாக உணவும் பொருளும் கொண்டுவந்து தருகிறவர்கள் நம் நகரங்களில் ஏராளம். மேற்சட்டையின் விலை அவர்களுக்குப் பல நாள் கூலி. வெயில் தணிந்த பிறகு போகலாம் என்ற வசதியும் அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் அறிவுரை சொல்வதற்கு முன்னால், ஒரு சொம்பு தண்ணீரும் சிறிது நிழலும் தரலாம். எடை குறைந்த, காற்றோட்டமான, விலை மலிந்த கவசம் ஒன்றை உருவாக்குவது நாளைய பொறியாளர்களான உங்கள் வேலை.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டையும் ஈரத்துணியால் சுற்றுங்கள். ஒன்றின் மேல் பாலிதீன் உறையை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டையும் மின்விசிறியின் முன் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். வலைத்துணி உடைக்கும் காற்றுப் புகாத உடைக்கும் உள்ள வேறுபாடு உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தெரியும். மழை நாளில் ஒருமுறை, வறண்ட நாளில் ஒருமுறை செய்தால் வேலூருக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடும் தெரியும்.

2. இரண்டு கோழிமுட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தெர்மோகோல் துண்டுகளால் எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பொதிந்து கட்டுங்கள். இரண்டையும் மேசை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். எது உடைந்தது, தெர்மோகோல் எவ்வளவு நசுங்கியது என்று பாருங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ள மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வீட்டில் அடி உங்களுக்கு விழும்!

சோதனை முடிந்ததும், நாளைக் காலையில் உங்களைப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறவரிடம் இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள். ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டரை சென்டிமீட்டர் தெர்மோகோல். இந்த இரண்டு எண்களைச் சொன்னாலே போதும். பிறகு வண்டியில் ஏறும் முன் இரண்டு ஹெல்மெட்டுகளை எடுங்கள்: ஒன்று அவருக்கு, மற்றது உங்களுக்கு.